படிக்குள் மறைந்த சம்பளம்

அமெரிக்க மருத்துவமனைகளில் ‘டிராவல் நர்ஸ்’ என்று ஒரு பிரிவினர் வேலை பார்க்கிறார்கள். பயணச் செவிலியர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இவர்கள் மருத்துவமனையின் ஊழியர்கள் அல்லர். ஏதோ ஓர் ஏஜென்சியின் ஊழியர்கள். ஓர் ஊரில் 13 வாரம், அது முடிந்தால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் வேறு ஊர், வேறு வார்டு. குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து முதியவர்கள் வந்து இறங்கும் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் டிசம்பர் பிறந்தால் படுக்கைகள் நிரம்பும். கலிஃபோர்னியாவிலோ ஒரு செவிலியரிடம் இத்தனை நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது என்ற விதி 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கு பேர் பேறுகால விடுப்பில் போனால் அந்த நான்கு இடத்தையும் யாரையாவது கொண்டு நிரப்பியே ஆக வேண்டும். அப்படி நிரப்ப வருகிறவர்கள்தான் இவர்கள். இவர்களுக்குக் கொடுப்பது அதிகமா, நியாயமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் அமெரிக்காவில் கொரோனாக் காலம் முதல் பேச்சு நடந்துவருகிறது. எனக்கு அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். கொடுக்கிற பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகை என்றும் சாப்பாடு என்றும் எழுதிவிட்டால், சம்பளத்தோடு சட்டம் சேர்த்துவைத்திருக்கும் பாதுகாப்பு எதுவும் அந்தப் பாதிக்குக் கிடைப்பதில்லை. கூடவே, வீடு தேடும் பொறுப்பும் அதில் வரும் நஷ்டமும் செவிலியரின் தலையில் வந்து விழுகின்றன. இன்று நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஏஜென்சியின் ரெக்ரூட்டர் போனில் சொல்வது ஒரே எண்தான். வாரம் 2,100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை இது, சந்தையில் கூடவும் உண்டு, குறையவும் உண்டு. வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம், ஆக 36 மணி. ஒப்பந்தம் கைக்கு வரும்போது அந்த 2,100 மூன்றாகப் பிரிந்திருக்கும். மணிக்கு 25 டாலர் வீதம் 900 டாலர் வரிக்குரிய சம்பளம். தங்குவதற்கான படி 750 டாலர். சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் 450 டாலர். பின்னிரண்டுக்கும் வரி கிடையாது. அரசு ஊழியர்கள் வெளியூர் போனால் கொடுப்பதற்காக ஜி.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஏஜென்சிகள் உச்சவரம்பாக வைத்துக்கொள்வது அதைத்தான். 2025 நிதியாண்டில், தனி விகிதம் இல்லாத ஊர்களுக்கெல்லாம் பொதுவான தொகை இரவுக்கு 110 டாலர், சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 68 டாலர். ஏழால் பெருக்கினால் 770, 476. நம் உதாரணத்தில் உள்ள இரண்டு படிகளும் அந்த வரம்பை முட்டிக்கொண்டு நிற்கின்றன. வரம்பு எவ்வளவோ அதுவரை படியை ஏற்றிவிட்டு மீதியைச் சம்பளமாக எழுதுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். இப்போது அந்த 25 டாலரைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்கில், பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். மணிக்கு 45 டாலர். ஒரே வார்டில் ஒரே வேலை பார்க்கும் இருவரில், ஊர் விட்டு ஊர் வந்தவரின் அடிப்படைச் சம்பளம் பாதியைச் சற்றே தாண்டுகிறது. திறமை குறைந்ததால் வந்த வித்தியாசம் இல்லை இது. புது வார்டில் ஓரிரு நாள் அறிமுகத்தோடு வேலையில் இறங்க வேண்டியிருப்பதால் அனுபவம் உள்ளவர்களைத்தான் ஏஜென்சிகள் எடுக்கின்றன.

படிக்கு வரி இல்லை என்பதற்குச் சட்டம் சொல்லும் காரணத்தில் தவறே இல்லை. ஒருவர் தன் ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு, வேலைக்காகத் தற்காலிகமாக இன்னோர் ஊரில் தங்கினால், ஒரே நேரத்தில் இரண்டு வாடகை கொடுக்கிறார். இரண்டாவது வாடகை அவர் வருமானமல்ல, வேலைக்கான செலவு. ஆனால் இந்தச் சலுகைக்கு ‘வரி வீடு’ என்று ஒன்று இருக்க வேண்டும். ஃப்ளவர்ஸ் என்ற வழக்கறிஞர் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில் குடியிருந்துகொண்டு, அலபாமாவின் மொபீலில் உள்ள ரயில்வே கம்பெனியில் வேலை பார்த்தார். போக்குவரத்துச் செலவையும் தங்கும் செலவையும் கழித்துக்கொடுக்கச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 1946இல் மறுத்துவிட்டது. ஜாக்சனில் இருப்பது உன் விருப்பம், வேலையின் தேவை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். வேலை எங்கேயோ அதுதான் வரி வீடு என்பது வருமான வரித் துறையின் நிலை. நிலையான வேலையிடம் என்று ஒன்று இல்லாதவர்களுக்கு மூன்று கேள்வி: சொந்த ஊரிலும் கொஞ்சமாவது வேலை பார்க்கிறீர்களா, அங்கே வாடகையோ தவணையோ கட்டிக்கொண்டே இங்கேயும் கட்டுகிறீர்களா, அந்த ஊரோடு தொடர்பை விடாமல் இருக்கிறீர்களா? மூன்றில் இரண்டுக்காவது ஆம் என்று சொல்ல முடியாதவர் நாடோடி. அவர் எங்கே போகிறாரோ அதுவே அவர் வீடு. அவருக்கு வரியில்லாப் படி கிடையாது. ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் நீடித்தாலும் அது தற்காலிகம் ஆகாது என்று 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டிலிருந்து 50 மைல் தள்ளி இருந்தால் போதும் என்று ரெக்ரூட்டர்கள் சொல்வதுண்டு. வரிச் சட்டத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. வேலைக்காகச் செய்த செலவை ஊழியரே தன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வழி முன்பு கொஞ்சம் இருந்தது. 2017 வரிச் சட்டம் அதை 2018 முதல் நிறுத்திவைத்தது. 2025 சட்டம் நிரந்தரமாகவே மூடிவிட்டது. ஆக, இரண்டு வாடகை கொடுக்கிற செவிலியருக்கு வரிச் சலுகை ஏஜென்சியின் கை வழியாக மட்டுமே வரும். பேரம் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

செலவை ஈடுகட்டும் பணம் செலவோடு சேர்ந்து ஏற வேண்டும், செலவோடு சேர்ந்து இறங்க வேண்டும். பயணச் செவிலியரின் படி அப்படி நடந்துகொள்கிறதா? 2021 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளார்க் எதிர் ஏ.எம்.என். சர்வீசஸ் வழக்கில் இதைத்தான் ஆராய்ந்தது. அந்த நிறுவனம் வெளியூர் செவிலியருக்கு வாராந்திரப் படி கொடுத்தது. ஒரு ஷிஃப்டுக்கு வராமல் போனால் படியில் அதற்கேற்பப் பிடித்தம் உண்டு. வாடகை என்னவோ அந்த இரவுக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது பிடித்தத்தைப் பாதிக்கவில்லை. முந்தைய வாரங்களில் கூடுதல் மணி நேரம் வேலை பார்த்துச் சேர்த்துவைத்திருந்தால், அதைக் கொண்டு இந்தப் பிடித்தத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், எங்கும் பயணம் போகாத உள்ளூர்ச் செவிலியருக்கும் அதே தொகை கொடுக்கப்பட்டது. வரி பிடித்தது ஒன்றுதான் வித்தியாசம். பெயர் எதுவானாலும் இது வேலை நேரத்துக்கான கூலியாகத்தான் இயங்குகிறது, ஓவர்டைம் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இந்தத் தீர்ப்பு மேற்கு மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கருத்தோ எல்லா இடத்துக்கும் பொருந்தும். நீதிமன்றத்துக்குப் போகாத இன்னொரு சான்றும் இருக்கிறது. 2022க்குப் பிறகு பயணச் செவிலியருக்கான வாரத் தொகைகள் செங்குத்தாக இறங்கின. அதே காலத்தில் ஜி.எஸ்.ஏ.வின் பொதுத் தங்கும் விகிதம் 96 டாலரிலிருந்து 110 டாலராக ஏறியது. வீட்டு வாடகை குறையாதபோது வாடகைப் படி உள்ளிட்ட தொகை ஏன் குறைய வேண்டும்? ஆள் தேவை குறைந்தது, அதனால் குறைந்தது. ஆள் தேவைக்கேற்ப ஏறி இறங்குவதற்குப் பெயர் கூலி.

இதனால் செவிலியருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம், வரி மிச்சம்தானே? ஓவர்டைமில் தொடங்குவோம். வார்டில் ஆள் இல்லை, நான்காவது ஷிஃப்டும் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். சரி என்கிறார். வாரத்தில் 40 மணி வரை சாதாரண விகிதம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. நிரந்தரச் செவிலியருக்கு மணிக்கு 45 என்றால், அந்த 12 மணி நேரத்தில் முதல் நான்கு மணிக்கு 180 டாலர், மீதி எட்டு மணிக்கு 67.50 வீதம் 540. மொத்தம் 720 டாலர். பயணச் செவிலியருக்கு 25 டாலர் அடிப்படையில் நான்கு மணிக்கு 100, எட்டு மணிக்கு 37.50 வீதம் 300, மொத்தம் 400. முதல் மூன்று ஷிஃப்டுகளில் படியையும் சேர்த்து மணிக்கு 58 டாலருக்கு மேல் வாங்கியவர், மிகவும் களைத்துப்போன நான்காவது ஷிஃப்டில் மணிக்கு 33 டாலருக்கு வேலை பார்க்கிறார். ஓவர்டைம் சட்டம் எதற்காக வந்ததோ அதற்கு நேர் எதிரான விளைவு: கூடுதல் நேரம் வாங்குவது முதலாளிக்கு மலிவாகிவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் ஒப்பந்தம் போடும்போதே கூடுதல் நேரத்துக்குத் தனி ரேட் பேசிக்கொள்கிறார்கள். பேசத் தெரியாதவர் நிலை மேலே சொன்ன கணக்குதான்.

அடுத்தது காயம். நோயாளியைப் புரட்டி, தூக்கி, நகர்த்தி முதுகு போவது செவிலியர் தொழிலில் சாதாரணம். வேலையில் அடிபட்டால் கிடைக்கும் இழப்பீடு பொதுவாக வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 2,100 டாலரில் மூன்றில் இரண்டு 1,400. 900 டாலரில் 600. படியைச் சம்பளமாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, உச்சவரம்பும் உண்டு. அதனால் முதுகு போனவர் வழக்கறிஞரையும் தேட வேண்டியிருக்கிறது. வேலையில்லாக் கால உதவித்தொகை, ஊனத்துக்கான காப்பீடு, வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி பார்க்கும் வருமானம் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரிவது அந்த 900தான். ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை, இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவர்கள் சொல்கிற அளவுக்கு நஷ்டம் பெரிதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் 35 ஆண்டுச் சம்பளத்தின் சராசரியில் கணக்கிடப்படுகிறது. வாரம் 1,200 டாலர் படி, ஆண்டுக்கு 48 வாரம், ஐந்தாண்டு இப்படி ஓடினால் 2,88,000 டாலர் கணக்கில் ஏறாமல் போகிறது. 420 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதச் சராசரியில் சுமார் 686 டாலர் குறையும். அவர் எந்த வருமானப் படிநிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அதில் 15 அல்லது 32 சதவீதம், அதாவது மாதம் 100 முதல் 220 டாலர்வரை ஓய்வூதியம் குறையும். அந்த ஐந்தாண்டில் அவர் கட்டாமல் மிச்சப்படுத்திய 6.2 சதவீதப் பங்கு மட்டும் 17,856 டாலர். வருமான வரி மிச்சம் வேறு. கெட்டிக்காரத்தனமாக முதலீடு செய்தவருக்கு இது கட்டுப்படியாகக்கூடும். ஆகவே என் வாதத்தை ஓய்வூதியத்தின் மேல் நிறுத்த நான் விரும்பவில்லை. அது நிற்பது ஓவர்டைமின் மேலும் காயத்தின் மேலும், அடுத்து வரும் வீட்டின் மேலும்.

முன்பெல்லாம் ஏஜென்சியே அடுக்குமாடி வீடு பிடித்து, கட்டில் மேசை போட்டு, சாவியைக் கையில் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. இன்றும் சில ஏஜென்சிகள் அப்படிச் செய்கின்றன. பெரும்பாலோர் பணமாக வாங்கிக்கொள்கிறார்கள்; ஏஜென்சிகளுக்கும் அதுவே வசதி. பணமாக வாங்கிய கணத்தில் ஒரு பெரிய பொறுப்பு கைமாறிவிடுகிறது. முன்பின் தெரியாத ஊரில், மூன்று மாதத்துக்கு மட்டும், சாமான்களோடு கூடிய வீடு வேண்டும். ஓராண்டுக் குத்தகைக்குக் குறைந்து பேசாத வீட்டுக்காரர்கள்தான் அதிகம். ‘ஃபர்னிஷ்டு ஃபைண்டர்’ போன்ற தளங்கள் இதற்காகவே உருவாயின; அங்கேயும் முன்பணம், சுத்தம் செய்யும் கட்டணம், நாய் இருந்தால் அதற்கொரு கட்டணம். இந்தத் தலைவலியே வேண்டாமென்று வண்டியோடு இணைந்த நடமாடும் வீட்டை வாங்கி, மருத்துவமனைக்குப் பக்கத்திலுள்ள வாகனப் பூங்காவில் மாத வாடகைக்கு நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வீடு எப்படியோ கிடைத்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டு ஒப்பந்தத்துக்கும் வேலை ஒப்பந்தத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை யார் தாங்குவது? வார்டில் நோயாளி குறைந்தால் இன்று வர வேண்டாம் என்று ஷிஃப்ட் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது செய்தி வரும். இத்தனை மணி நேரம் உறுதி என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால் தப்பினார். இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை, பல ஒப்பந்தங்களில் அந்த நேரத்துக்கான படியும் இல்லை. மொத்த ஒப்பந்தத்தையும் குறுகிய அறிவிப்பில் ரத்து செய்ய மருத்துவமனைக்கு உரிமை உண்டு. செவிலியர் நடுவில் விலகினாலோ அபராத விதிகள் காத்திருக்கும். 2022 வசந்த காலத்தில் நோயாளிக் கூட்டம் வடிந்தபோது, நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தத்திலேயே தொகையைக் குறைத்து, இதற்குச் சம்மதித்தால் இருங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்று சொல்லப்பட்டதாகப் பல ஏஜென்சிகள் மீது கூட்டு வழக்குகள் தொடரப்பட்டன. அந்த வழக்குகளின் அடிப்படைப் புகார் எளிமையானது: பேசிய தொகையை நம்பி வேறு மாநிலத்துக்கு வந்து, வீட்டுக்கு முன்பணமும் கட்டிய பிறகு மறுப்பதற்கு ஒருவருக்கு என்ன வழி இருக்கிறது?

மற்ற சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருத்துவக் காப்பீடு ஏஜென்சியோடு ஒட்டியது. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே சில வாரம் இடைவெளி விழுந்தால் காப்பீடும் போகும். கோப்ரா சட்டப்படி 18 மாதம்வரை அதே காப்பீட்டைத் தொடரலாம். ஆனால் முதலாளியின் பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் தாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் 2 சதவீதம் நிர்வாகச் செலவு. பேறுகாலத்துக்கோ குடும்பத்தில் நோய் வந்தாலோ வேலை போகாமல் விடுப்பு எடுக்கும் மத்தியச் சட்ட உரிமைக்கு, ஒரே முதலாளியிடம் 12 மாதமும் கடைசி ஆண்டில் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும். நல்ல ஒப்பந்தம் தேடி ஏஜென்சி மாறினால் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். ஒரு வேடிக்கையும் உண்டு: புது ஊழியரைக் காப்பீட்டில் சேர்க்க முதலாளி அதிகபட்சம் 90 நாள் காத்திருக்கலாம் என்கிறது சட்டம், 13 வாரம் என்பது 91 நாள். பெரும்பாலான ஏஜென்சிகள் முதல் நாளிலோ முதல் மாதத்திலோ சேர்த்துவிடுகின்றன, சண்டை இல்லை. அப்படிச் சேர்ப்பதும் ஆள் கிடைக்க வேண்டிய போட்டியால்தான்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவதும் உரத்ததும் மருத்துவமனைகளுடையது: இவர்கள் வாங்குவதே கொள்ளை, இதில் என்ன பரிதாபம்? அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் 2022இல் வெளியிட்ட கணக்கு இது. 2019 ஜனவரியில் மருத்துவமனைகளின் செவிலியர் சம்பளச் செலவில் பயணச் செவிலியரின் பங்கு இடைநிலையில் 4.7 சதவீதம்; 2022 ஜனவரியில் 38.6 சதவீதம். அதே மாதத்தில் அவர்கள் பார்த்த வேலை நேரமோ மொத்தத்தில் 23.4 சதவீதம்தான். மருத்துவமனையிடம் வாங்குவதற்கும் செவிலியருக்குக் கொடுப்பதற்கும் இடையே ஏஜென்சிகள் வைத்துக்கொண்ட இடைவெளி 15 சதவீதத்திலிருந்து 62 சதவீதமாக உயர்ந்தது என்றும் சங்கம் சொன்னது. அதே ஜனவரியில் இருநூறுக்கு நெருக்கமான நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏஜென்சிகளின் விலை நிர்ணயத்தை விசாரிக்கக் கோரி வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்கள். சுமையை நான் மறுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஏஜென்சியை நாடிய சிற்றூர் மருத்துவமனைகள் திணறியது உண்மை. ஆனால் 62 சதவீதம் என்ற எண்ணை அப்படியே ஏற்பதற்குமுன் ஏஜென்சிகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். இத்துறையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றும், பங்குச் சந்தையில் இருப்பதுமான ஏ.எம்.என். ஹெல்த்கேரின் ஆண்டு வருவாய் 2019இல் சுமார் 222 கோடி டாலர். 2022இல் 524 கோடி. 2024இல் 298 கோடியாக இறங்கிவிட்டது. இவ்வளவு ஏற்றத்திலும் அதன் மொத்த லாப விகிதம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது. நிறுவனம் பல சேவைகளையும் சேர்த்துக் காட்டும் கணக்கு அது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். அதுவே சிக்கலும். மருத்துவமனை கொடுத்த ‘பில் ரேட்’ எவ்வளவு, அதில் செவிலியருக்குப் போனது எவ்வளவு, நடுவில் ஆள் சேர்ப்பை நிர்வகிக்கும் இன்னொரு நிறுவனத்துக்குப் போனது எவ்வளவு என்பது ஒரே தாளில் யாருக்கும் காட்டப்படுவதில்லை. மின்னசோட்டாவும் மாசசூசெட்ஸும் ஏஜென்சிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன; மின்னசோட்டாவில் அது முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கானது. உச்சவரம்பு மொத்தத் தொகையைத்தான் கட்டுப்படுத்தும். அதற்குள் எது சம்பளம், எது படி என்ற பிரிவினையை அது தொடுவதே இல்லை. வரம்பு இறுகினால் முதலில் வெட்டுப்படுவது செவிலியரின் பங்காக இருக்கவும் கூடும்.

இரண்டாவது எதிர்வாதம் செவிலியர்களிடமிருந்தே வருகிறது. இதற்குத்தான் நான் அதிக மதிப்பு தருகிறேன். எங்களுக்கு விவரம் தெரியும், படித்தவர்கள், கையில் அதிகம் வருவதால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறோம், எங்கள் விருப்பத்தில் தலையிட நீங்கள் யார் என்கிறார்கள். கடனை அடைக்கிறார்கள், ஊர் பார்க்கிறார்கள், ஒத்துவராத மேலாளரிடமிருந்து 13 வாரத்தில் விடுபடுகிறார்கள். இந்தச் சுதந்திரத்தின் அருமையை நிரந்தர வேலையில் பத்தாண்டு இரவு ஷிஃப்ட் பார்த்தவர் அறிவார். ஆனால் பயணம் போகும் சுதந்திரமும் சம்பளத்தைப் பிரித்து எழுதும் முறையும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல. முன்னதை வைத்துக்கொண்டே பின்னதை மாற்றலாம். தவிர, பிரிவினையைத் தேர்ந்தெடுப்பவர் செவிலியர் என்பதே முழு உண்மையில்லை. போட்டி ஏஜென்சி 25 டாலர் அடிப்படையில் 2,100 காட்டும்போது, 45 டாலர் அடிப்படையில் அதே மொத்தத்தைக் காட்டும் ஏஜென்சியின் விளம்பரம் கையில் குறைவாகத் தெரியும். அதற்கு ஆள் வராது. முதலாளிக்கும் இலாபம் உண்டு: படியாக எழுதும் ஒவ்வொரு டாலருக்கும் அவர் பங்கான 7.65 சதவீதச் சம்பள வரி மிச்சம். சம்பளத்தைக் குறைத்துப் படியாக மாற்றி எழுதுவது செல்லாது என்று வருமான வரித் துறை 2012இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அப்படி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் எதை எதிலிருந்து மாற்றினார்கள் என்று நிறுவுவது கடினம். ஆபத்து எங்கே போய் நிற்கிறது என்பதையும் பாருங்கள். எனக்கு வரி வீடு இருக்கிறது என்று செவிலியரிடம் ஏஜென்சி ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறது. சொந்த ஊர் அறையைக் காலி செய்துவிட்டு, அம்மா வீட்டு முகவரியை மட்டும் எழுதிக்கொடுத்த இளம் செவிலியர், மூன்றாண்டு கழித்துத் தணிக்கையில் சிக்கினால் வரியும் வட்டியும் அபராதமும் கட்டப்போவது அவர்தான்.

இனி என்ன செய்வது? இதே நோய் நமக்கும் புதிதல்ல என்பதால் இந்தியச் சட்டத்தைப் பார்ப்பதில் பொருள் உண்டு. வருங்கால வைப்பு நிதிக்குப் பங்கு கட்டுவதைக் குறைக்க அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி, விதவிதமான படிகளை ஊதவைப்பது இங்கே நெடுநாள் பழக்கம். எல்லா ஊழியருக்கும் ஒரேமாதிரி கொடுக்கும் படி அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது: விலக்களிக்கப்பட்ட படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். நம் உதாரணச் செவிலியரின் சீட்டில் படி 57 சதவீதம். அமெரிக்கச் சட்டம் இந்த ஐம்பது சதவீத விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே இரண்டு வாடகை கொடுப்பவருக்கு அது அநியாயமாகும். எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் நோக்கு. வரிக்கு ஒரு கணக்கு, பாதுகாப்புக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடலாம். வேலை நேரத்தோடு குறைகிற படி எதுவானாலும் ஓவர்டைமிலும் காய இழப்பீட்டிலும் வேலையில்லா உதவியிலும் சம்பளமாக எண்ணப்பட வேண்டும். மேற்கு வட்டாரத் தீர்ப்பை நாடு முழுவதற்கும் விதியாக்கினால் முதல் பாதி முடிந்துவிடும். வரி விலக்கு வேண்டுமென்றால் படி படியாகவே நடந்துகொள்ளட்டும்: ஷிஃப்டை மருத்துவமனை ரத்து செய்த நாளிலும் வாடகை கொடுக்கப்பட வேண்டும், ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் வீட்டு ஒப்பந்தத்தின் மீதிக் காலத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். பில் ரேட்டும் அதன் பங்கீடும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடப்படட்டும். ஏஜென்சிகள் இதை வணிக ரகசியம் என்று எதிர்க்கும். மருத்துவமனைக்கு விலை தெரியும், ஏஜென்சிக்கு இரு பக்கமும் தெரியும். ரகசியம் செவிலியரிடமிருந்து மட்டும்தான்.

செலவு கூடாதா என்றால் கூடும், அதை மறைத்துப் பயனில்லை. நான்காவது ஷிஃப்டுக்கு மருத்துவமனை கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நான் சொல்கிற முறையில் வாரப் படியையும் சேர்த்துச் சராசரி கண்டால், மணிக்கு 50 டாலர் என்று வந்து, அந்த வாரத்துக்கு இப்போதுள்ளதைவிட 100 டாலர் அதிகமாகும். தாங்க முடியாத தொகை அல்ல. ஆனால் ஆயிரம் பேருக்குப் பெருக்கினால் கணக்காளர் புருவம் உயர்த்தத்தான் செய்வார். செவிலியர்களிலும் ஒரு பகுதியினர் இழப்பார்கள். சொந்த ஊரில் வாடகையே கட்டாமல் வண்டி வீட்டில் ஊர் சுற்றுகிறவருக்கு வரி விலக்கு சட்டப்படி இன்றும் இல்லை. கணக்கு வெளிப்படையானால் நடைமுறையிலும் இருக்காது. வாரத்துக்கு 2,100 என்பது அவர் கையில் கணிசமாகச் சுருங்கும். அவரை அதே தொகைக்கு வரவழைக்க வேண்டுமென்றால் மருத்துவமனை சம்பளத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். இப்போது அந்த வித்தியாசத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பது மத்திய அரசின் கருவூலம். மருத்துவமனைகளின் ஆள் பற்றாக்குறைக்கு வரிப்பணத்திலிருந்து மானியம் தருவது சரியென்று அமெரிக்க நாடாளுமன்றம் நினைத்தால், அதற்கு நேரடியாக ஒரு சட்டம் போட்டு, எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு என்று எழுதிவைக்கலாம்.